கிழங்கு கழுவிய மந்தி

குல்லாய் வியாபாரியின் கதையை நாம் அனைவரும் இளமையில் கேட்டிருக்கிறோம். அவன் தன் குல்லாயைக் கழற்றி எறிந்தான்; மரத்திலிருந்த குரங்குகளும் உடனே அவ்வாறே எறிந்தன. கண்டதைக் கண்டவாறே செய்வது குரங்கின் இயல்பு என்று நாம் நம்புவதற்கு இத்தகைய கதைகளே காரணம். ஆனால் குரங்குகள் ஒன்றையொன்று பார்த்து எவ்வாறு கற்கின்றன என்பதை ஆராய்ச்சியாளர் பொறுமையுடன் கவனித்தபோது தெரிய வந்தது வேறு.

ஜப்பானின் தென்பகுதியில், மியாசாகி மாவட்டக் கரையோரமாகக் கோஷிமா என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கு வாழும் குரங்குகளைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் இமானிஷி கின்ஜியும் அவருடைய மாணவர்களும் 1948-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கினர். ஒவ்வொரு குரங்குக்கும் பெயரிட்டு, அதன் தாய் யார், தோழர் யார் என்று குறித்து வைப்பது அவர்களுடைய முறை. காட்டுக்குள் மறைந்து திரிந்த குரங்குகளை வெளியே வரவழைப்பதற்காக, 1952-ஆம் ஆண்டு முதல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைப் போட்டு வைத்தனர்.

1953-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று மணல் ஒட்டிய கிழங்கை ஓடை நீரில் தோய்த்துக் கழுவித் தின்றது. அதைக் கண்டு சொன்னவர் அவ்வட்டாரப் பள்ளி ஆசிரியையான சட்சுவே மிட்டோ. அக்குட்டியின் பெயர் இமோ. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கிழங்கு என்றே பொருள்.

இமோவின் விளையாட்டுத் தோழர்கள் இதைக் கற்றனர். சில மாதங்களில் அதன் தாயான எபாவும் கற்றது. 1958-ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள 19 குரங்குகளில் 15 கிழங்கைக் கழுவின. அதற்கு மேற்பட்ட வயதுடைய 11 குரங்குகளில் இரண்டே கற்றிருந்தன, அவ்விரண்டும் மந்திகள். முதிர்ந்த கடுவன்கள் குட்டிகளோடு பழகாமல் ஒதுங்கியிருந்தமையால் பழைய வழியிலேயே நின்றுவிட்டன. பிறகு இமோவின் தலைமுறை தாய்மை எய்தியது. தாயின் வயிற்றைப் பற்றியவாறே நீரருகில் சென்ற குட்டிகள், நீரில் உதிர்ந்த கிழங்குத் துண்டுகளைத் தின்று பழகின. முன்னர்க் குட்டியிடமிருந்து தாய்க்கு ஏறிய பழக்கம், இப்பொழுது தாயிடமிருந்து குட்டிக்கு இறங்கியது.

இவற்றையெல்லாம் தொகுத்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட கவாய் மசாவோ, இதனைப் பண்பாடு என்று துணிந்து கூறவில்லை. 'பண்பாட்டுக்கு முந்திய நடத்தை' என்றே குறித்தார். அந்த அடக்கம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. நூறாவது குரங்கு கற்றதும் பழக்கம் கடல் தாண்டிப் பிற தீவுகளுக்கும் தானே தாவியது என்று, 1979-ஆம் ஆண்டில் லயால் வாட்சன் என்பவர் எழுதிய நூலிலிருந்து ஒரு கட்டுக்கதை பரவியது. கோஷிமாவின் குறிப்பேடுகளில் இதற்கு ஆதாரம் இல்லை. மறுபுறம், கனடா நாட்டு உளவியலறிஞர் பென்னட் கேலஃப் வேறொரு ஐயத்தை எழுப்பினார். பழக்கம் மிக மெதுவாகவே பரவியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குரங்கும் நீரோரத்திற்கு வந்து தானாகவே கற்றிருக்கவும் கூடுமல்லவா என்பது அவர் வினா. அந்த விவாதம் முற்றும் தீர்ந்துவிடவில்லை.

ஆயினும் ஒன்று தெளிவு. பார்த்துச் செய்வதாயினும், கூடச் சென்று தானே கண்டறிவதாயினும், கற்பதற்கு முதல் வழி அருகில் இருப்பதேயாகும். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. புதிய ஊரின் மொழியைத் தெருவில் விளையாடும் குழந்தைதான் முதலில் கற்று வருகிறது. அடுக்களையில் நிற்கும் தாய் அதனிடமிருந்து கற்கிறாள். சிறியவரிடம் கற்பதில் தாழ்வில்லை. கோஷிமாவின் கடுவன்கள் அறியாமற் போனதும் இதுவே.