தனிநபர் கல்வித் திட்டம் (அமெரிக்கா)

மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவருக்கு ஓராண்டில் எதைக் கற்பிப்பது, எந்த உதவிகளை அளிப்பது, முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது என்பவற்றைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடி முடிவுசெய்து எழுதும் ஆவணம் தனிநபர் கல்வித் திட்டம் ஆகும். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சிறப்புக் கல்விக்குத் தகுதிபெறும் ஒவ்வொரு மாணவருக்கும் இது சட்டப்படி கட்டாயம்.

தோற்றம்

கட்டாயக் கல்விச் சட்டம் இருந்த அமெரிக்க மாநிலங்களிலும் அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எட்டாத குழந்தையைச் சேர்க்க மறுக்கச் சட்டமே இடமளித்தது. வேறு வழியற்ற பெற்றோர் தேவாலயக் கட்டடங்களில் தாங்களே வகுப்புகளைத் தொடங்கினர். 1950இல் பல மாநிலப் பெற்றோர் மினியாபோலிஸ் நகரில் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 'தி ஆர்க்' என இன்று அறியப்படுவது அதுவே.

கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளியில் ஒதுக்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்று 1954இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் இப்பெற்றோரும் அதே வாதத்தைக் கையிலெடுத்தனர். பென்சில்வேனியாவின் பெற்றோர் சங்கம் 1971இல் தொடர்ந்த வழக்கு அவ்வாண்டே உடன்பாட்டில் முடிந்தது. 6 முதல் 21 வயது வரையுள்ள அறிவுத்திறன் குறைபாடுடைய அனைவருக்கும் இலவசக் கல்வி தர மாநிலம் இசைந்தது. குழந்தையை வேறு வகுப்புக்கு மாற்றுமுன் பெற்றோருக்கு அறிவித்து, அவர்கள் கோரினால் விசாரணை நடத்தவும் ஒப்புக்கொண்டது. பெற்றோருக்குத் திட்டக் கூட்டத்தில் இடம் கிடைத்ததன் வேர் இங்கேதான் உள்ளது. 1972இல் வாஷிங்டன் நகரின் ஏழு குழந்தைகள் சார்பில் நடந்த மில்ஸ் வழக்கு, இவ்வுரிமையை எல்லா வகைக் குறைபாடுகளுக்கும் விரித்தது. பணப் பற்றாக்குறையைச் சாக்காகக் காட்டக்கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

குறைபாடுடைய குழந்தைகள் 80 இலட்சத்துக்கு மேல் உள்ளனர், அவர்களில் 10 இலட்சம் பேர் பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருக்கின்றனர் என நாடாளுமன்றம் கணித்தது. 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் தனிநபர் கல்வித் திட்டத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. 1990இல் அச்சட்டம் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் எனப் பெயர் மாறியது.

குழுவும் ஆவணமும்

பெற்றோர், பொதுவகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகப் பிரதிநிதி, மதிப்பீட்டு முடிவுகளை விளக்கத் தெரிந்தவர் ஆகியோர் குழுவில் இடம்பெறுவர். தக்க சூழலில் மாணவரும் பங்கேற்பார். தகுதி உறுதியான 30 நாட்களுக்குள் கூட்டம் நடைபெற வேண்டும். பெற்றோருக்கு மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த ஓசைக்குக் குழந்தை மிரளும், எதைக் காட்டினால் அமர்ந்து கேட்கும் என்பன போன்ற, தேர்வுத் தாளில் தென்படாத செய்திகளைப் பெற்றோரே கொண்டுவருகின்றனர்.

மாணவரின் தற்போதைய நிலை, ஆண்டு இலக்குகள், ஒவ்வோர் உதவியும் எங்கே, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பன ஆவணத்தில் இருக்கும். 'நன்றாகப் படிக்க வேண்டும்' என்பது இலக்காகாது. 'ஆண்டிறுதிக்குள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை நிமிடத்துக்கு 60 சொற்கள் வீதம் பிழையின்றி வாசிப்பார்' என்பதே இலக்கு. பெற்றோர் எழுத்தில் இசையாமல் முதன்முறை உதவியைத் தொடங்க இயலாது. திட்டம் ஆண்டுதோறும் சீராயப்படும். பொதுவாக மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். 16 வயதில் மேற்படிப்பு, வேலை பற்றிய பகுதி சேரும். பிணக்கு எழுந்தால் நடுவர் பேச்சு, விசாரணை என வழிகள் உண்டு. அதுவரை மாணவர் இருக்கும் வகுப்பிலேயே தொடர்வார்.

தீர்ப்புகள்

பள்ளி எவ்வளவு செய்தால் போதும் என்ற வினாவுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1982ஆம் ஆண்டு ரௌலி தீர்ப்பு தாழ்ந்த அளவுகோலையே தந்தது. பெயரளவு முன்னேற்றம் போதாது என்று கூறிய 2017இன் என்ட்ரூ எஃப். தீர்ப்பு அந்த அளவுகோலை உயர்த்தியது.

பிற நாடுகளில்

இந்தியாவில் சிறப்புப் பள்ளிகள் இத்தகைய திட்டங்களைத் தயாரிக்கின்றன. சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய மதராஸ் வளர்ச்சித் திட்டமுறை, 18 துறைகளில் 360 திறன்களை அளந்து இலக்கு வகுக்க உதவுகிறது.

இன்றைய நிலை

மாணவர் ஒருவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஏற்கும் என 1975ஆம் ஆண்டுச் சட்டம் குறித்தது. அந்த அளவு இதுவரை எட்டப்படவில்லை.