கூரும் நேரும்

1863இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த பழங்கற்கருவி, தாம்பரத்தை அடுத்த இம்மண்ணில் வெட்டுமுனையின் தொன்மையைக் காட்டிற்று. அக்கல்லுக்குக் கூர் ஒன்றே போதும். பின்வந்த மடக்குச் சவரக்கத்திக்கோ நேரும் வேண்டும். பிடியின் நடுவே விழாத அலகு, மூடுந்தோறும் பக்கத்தில் உரசித் தன் கூரைத் தானே இழக்கும். மீண்டும் மீண்டும் தீட்டுவது இரும்பைத் தேய்க்குமேயன்றிக் குறையைத் தீர்க்காது. கொம்புப் பிடி வளைந்திருப்பின் வெந்நீரில் இளக்கி நிமிர்த்த வேண்டும். கீலாணி தளர்ந்திருப்பின் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. பின்னர் பரவிய விழிப்புணர்வால், ஒருவருக்கு ஒன்றென மாற்றும் அலகுகள் சவரக்கடைகளில் நிலைபெற்றன. அது நன்றே. ஆயினும், கூர் மழுங்கியதும் சாணையைத் தேடாது முதலில் ஆணியை நோக்கிய கைவினையறிவு, பழங்கத்தியோடு மறைந்துவிடலாகாது.