ஓம் பிறந்த கதை

ஓரகடம் பக்கம் ஏதாவது ஓர் உதிரிபாக ஆலையின் ஸ்டோர்ஸுக்குள் போய்ப் பாருங்கள். வரிசையாக ரேக்குகள், ரேக் நிறைய பின்கள், ஒவ்வொரு பின்னுக்கும் ஓர் எண், பக்கத்திலேயே ஒரு பின் கார்டு. எண்ணைச் சொன்னால் ஸ்டோர் கீப்பர் நேராக அந்தப் பின்னிடம் போய்விடுவார். எண் தெரியாமல் அடையாளம் மட்டும் சொன்னால் ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டியதுதான். கீ-வேல்யூ டேட்டாபேஸ் வேலை செய்வதும் இப்படித்தான். சாவியைக் கொடுத்தால் பொருள் வரும். சாவி இல்லாவிட்டால் தேடல்.

இந்த வகையில் பெயர் பெற்றது ரெடிஸ். இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சல்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-ல் அதை வெளியிட்டார். இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள் என்பதை அந்த நொடியே காட்டும் சேவை ஒன்றை அவர் நடத்திவந்தார். ஒவ்வொரு தளத்திலும் கடைசியாகப் பார்க்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் இருந்தால் போதும்; புதியது ஏற ஏறப் பழையது உதிர வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஒரு சர்வரை அவரே எழுதினார்.

வேகம் கிடைத்தது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் சாவியாக யோசிப்பதில்லை. அவர் மனதில் இருப்பது ஒரு வண்டி. அதற்கு மாடல், நிறம், ஷிப்ட். ரெடிஸுக்கோ வண்டி என்றால் என்னவென்று தெரியாது. வண்டியைப் பிரித்துச் சாவிகளில் போடுவதும் திரும்ப எடுத்துச் சேர்ப்பதும் அவரவர் பாடு. ஒரே குழுவில் இரண்டு பேர் சாவிக்கு இரண்டு விதமாகப் பெயர் வைத்தால், ஒருவர் வைத்ததை மற்றவர் எடுக்க முடியாது.

இந்த வேலையை ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்த, அதே 2009-ல் மிஷேல் மார்ட்டென்ஸ், டாமியன் யானோவ்ஸ்கி என்ற இரண்டு ரூபி மொழி நிரலாளர்கள் சின்னதாக ஒரு லைப்ரரி எழுதினார்கள். ‘ஆப்ஜெக்ட்-ஹாஷ் மேப்பிங்’ என்பதைச் சுருக்கி ‘ஓம்’ என்று பெயரிட்டார்கள். மின்தடையின் அலகுக்கும் அதே பெயர். ஆனால் விளக்கக் குறிப்பின் தலைப்பில் அவர்கள் போட்டது நம் ஓங்காரக் குறியை. பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

தொடக்கத்தில் ஓம் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு சாவி போட்டது. ‘வண்டி:1:நிறம்’ ஒரு சாவி, ‘வண்டி:1:மாடல்’ இன்னொரு சாவி. பத்து விவரம் என்றால் பத்துப் பின். 2010-ல் வந்த ரெடிஸ் 2.0-வில் ஹாஷ் என்ற வகை சேர்ந்தது: ஒரே சாவி, உள்ளே பல புலங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வெளிவரும் காருக்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி, எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட அடையாள எண் இருக்கிறதல்லவா, அந்த ஒரே எண்ணின் கீழ் காரின் விவரம் முழுவதும் அடங்குவது போல. ஓமின் 0.1 பதிப்பு ஹாஷுக்கு மாறிக்கொண்டது. பழைய முறையில் சேமித்து வைத்திருந்தவர்களையும் கைவிடவில்லை. அவர்களுடைய தரவை மாற்றித்தர ஒரு நிரலையும் கூடவே கொடுத்தது. கடையை மாற்றும்போது பழைய வாடிக்கையாளரின் சரக்கையும் சுமந்துபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அது. எல்லோரும் செய்வதில்லை.

மற்ற வேலைகளும் இதே எளிமைதான். புதிய வண்டிக்கு எண் வேண்டுமா? ரெடிஸிலுள்ள எண்ணியை ஒன்று கூட்டி வாங்கிக்கொள்ளும். ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகவே நிறைவேற்றுவதால், இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒரே எண் இரண்டுக்கும் போகாது. நிறத்தை வைத்துத் தேட வேண்டுமானால் முன்கூட்டியே ‘இண்டெக்ஸ்’ என்று அறிவித்துவிட வேண்டும். சிவப்பு வண்டிகளின் எண்கள் தனியாக ஒரு செட்டில் சேரும். சிவப்பும் இரண்டாம் ஷிப்டும் சேர்ந்தவை வேண்டுமென்றால், இரண்டு செட்டுக்கும் பொதுவான எண்களைக் கேட்டால் போதும்.

ஓமைப் பார்த்து மற்ற மொழிக்காரர்களும் எழுதினார்கள். ஜாவாவில் ஜேஓம், பைதானில் ரெடிஸ்கோ. 2021-ல் ரெடிஸ் நிறுவனமே ‘ரெடிஸ் ஓஎம்’ என்ற பெயரில் பல மொழிகளுக்கு லைப்ரரிகளை வெளியிட்டது.

ஆனாலும் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் பழைய ஓமையே காட்டுவேன். அது எதையும் மறைப்பதில்லை. நடுராத்திரி மூன்றாம் ஷிப்டில் ஸ்கேனர் ஒன்று சொல்லி, திரை வேறொன்று காட்டினால், ரெடிஸைத் திறந்து சாவியைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

இந்தப் பக்கத்துப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லேப்டாப்பில் ரெடிஸை நிறுவுங்கள். ஓம் வழியாக ஒரே ஒரு வண்டியைச் சேமித்து, நிறத்துக்குத் தமிழிலேயே ‘சிவப்பு’ என்று கொடுங்கள். பிறகு ரெடிஸின் கட்டளைத் திரையை ‘ரா’ என்ற தேர்வோடு திறந்து அந்தச் சாவியைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய ‘சிவப்பு’ அப்படியே அங்கே இருக்கும்.