தண்டப்பணமும் சிற்றூர்க் கருவூலமும்

ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துச் சிற்றூரான மன்றோவில் 1964இல் ஈட்டிய வருவாய் 46,355 டொலர். அதில் 23,589 டொலர், நகரபிதா தாமே நீதிபதியாக அமர்ந்த மன்றம் விதித்த தண்டப்பணத்தாலும் கட்டணங்களாலும் வந்தது. ஊரின் நிதிக்குப் பொறுப்பாளரும் அவரே. சாரதி குற்றவாளியா எனத் தீர்ப்பவரும் அவரே. ('பிதா' என்னும் சொல் ஈண்டு நகைப்புக்குரியது.) இரு போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தலா 50 டொலர் தண்டிக்கப்பட்ட ஒருவரின் மேன்முறையீட்டில், 1972இல் உச்ச நீதிமன்றம் இம்முறை நடுநிலை நீதிக்கு முரணானதெனத் தீர்த்தது. அத்தீர்ப்பு தண்டிப்பவரை மாற்றிற்றேயன்றி, தண்டப்பணம் சென்று சேரும் கருவூலத்தை மாற்றவில்லை என்பது நோக்கற்பாலது.

சொத்துடையோர் மீது வரியை உயர்த்தினால் அவர்கள் வாக்கினால் பதிலளிப்பர். கடந்து செல்லும் சாரதிக்கோ அவ்வூரில் வாக்கில்லை. அதே மாநிலத்தில், 60 பேரே வாழ்ந்த நியூ றோம், வேக எல்லை 45 மைலிலிருந்து 35 ஆகக் குறையும் நெடுஞ்சாலைத் துண்டொன்றில் சாரதிகளை மறித்தே காலங்கழித்தது; 2004இல் அவ்வூராட்சி கலைக்கப்பட்டது.

ஆயின் மிசூரி மாநிலத்துப் பேர்குசனில் இச்சுமையைத் தாங்கியோர் அயலார் அல்லர். சனத்தொகையில் 67 வீதமான கறுப்பின மக்கள்மீதே 2012 முதல் 2014 வரை பொலிசார் எழுதிய குற்றச்சீட்டுகளில் 90 வீதம் விழுந்ததென மத்திய நீதித் திணைக்களத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவர்களுக்கு வாக்கிருந்தது, நகரசபையில் பலம் இருக்கவில்லை.