ஷோமின்கெகி

எளிய மக்களின் அன்றாட வீட்டு வாழ்வைச் சொல்லும் ஜப்பானியத் திரைப்பட வகை ஷோமின்கெகி. 'ஷோமின்' என்றால் சாதாரண மக்கள். 'கெகி' என்றால் நாடகம். சாமுராய் வாளையும் காட்சில்லாவையும் அனிமேயையும் வைத்தே வெளியுலகம் ஜப்பானியத் திரையை அறிந்திருக்கிறது. ஆனால் மௌனப்பட நாள்முதல் இன்றுவரை அறுபடாமல் வந்துள்ள இழை, பாய் விரித்த கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பத்தின் கதைதான்.

இதன் பிறப்பிடம், டோக்கியோவின் கமாட்டா பகுதியில் ஷோச்சிகு நிறுவனம் 1920-இல் அமைத்த படப்பிடிப்புத் தளம். 1924-இல் அதன் பொறுப்பேற்ற ஷிரோ கிடோ, சிரிப்பும் கண்ணீரும் கலந்த சமகாலக் கதைகளைக் கேட்டு வாங்கினார். மாதச் சம்பளக்காரர்கள் பெருகி, நகரம் புறநகர்களாக விரிந்துகொண்டிருந்த காலம் அது. யசுஜிரோ ஷிமாசு, ஹெய்னோசுகே கோஷோ, யசுஜிரோ ஓசு, மிகியோ நருசே ஆகியோர் அங்கே வளர்ந்தார்கள்.

ஓசுவின் 'பிறந்தேன், ஆனால்...' (1932) இவ்வகையின் முதல் பெரும் படைப்பு. முதலாளி வீட்டில் திரையிடப்படும் ஒரு சிறு படத்தில், தங்கள் அப்பா கோமாளித்தனம் செய்து முதலாளியைச் சிரிக்க வைப்பதை இரண்டு சிறுவர்கள் பார்த்துவிடுகிறார்கள். வீடு திரும்பியதும் சாப்பிட மறுக்கிறார்கள். சம்பளத்துக்காகக் குனிய வேண்டியிருப்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறார் தகப்பன்.

போருக்குப் பின், 1947-இல் திருத்தப்பட்ட சிவில் சட்டம் குடும்பத் தலைவரின் பழைய அதிகாரத்தை நீக்கியது. அந்த மாற்றத்தின் வலியை ஓசுவின் 'டோக்கியோ கதை' (1953) அளவுக்கு வேறெந்தப் படமும் காட்டவில்லை. ஒனோமிச்சியிலிருந்து வரும் வயதான தம்பதியைக் கவனிக்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. மகன் மருத்துவர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் விடுப்புக் கேட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகளை ஓசு கெட்டவர்களாகக் காட்டுவதில்லை. அதனால்தான் படம் நெஞ்சைப் பிசைகிறது. கேமரா, பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே, பெரும்பாலும் அசையாமல் இருக்கும். காட்சிகளுக்கு நடுவே புகைபோக்கி, காயும் துணி, கடந்துபோகும் ரயில். எழுபது வயதுத் தந்தையாக நடித்த சிஷூ ரியூவுக்கு அப்போது வயது 49-தான்.

நருசே வேறு வழியில் போனார். அவர் படங்களில் பணம் ஓயாமல் எண்ணப்படுகிறது: கடன், வாடகை, யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும். ஃபுமிகோ ஹயாஷி முடிக்காமல் இறந்த நாவலை ஒட்டிய படத்துக்கு 'மெஷி' (1951), அதாவது 'சோறு', என்றே பெயர். செய்தித்தாளிலிருந்து நிமிராமல் பசிக்கிறது என்று சொல்லும் கணவன், சமையலறையில் சலித்து நிற்கும் மனைவி: ஒரு திருமணம் தேய்ந்துபோனதைச் சொல்ல நருசேவுக்கு இவ்வளவு போதும்.

1958-ல் உச்சம் தொட்ட திரையரங்குக் கூட்டம் தொலைக்காட்சியால் வேகமாகக் கரைந்தது. குடும்பக் கதைகளும் சின்னத்திரைக்குக் குடிபெயர்ந்தன. யோஜி யமடா மட்டும் 'டோரா-சான்' வரிசையில் 1969 முதல் 1995 வரை வந்த 48 படங்களில் 46-ஐ இயக்கி அந்தச் சுடரைக் காத்தார். யோஷிமிட்சு மொரிட்டாவின் 'குடும்ப விளையாட்டு' (1983) வட்டமாகச் சாப்பிட்ட குடும்பத்தை நீண்ட மேசையின் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்காரவைத்தது. யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியாது.

இன்று இம்மரபின் முதன்மையான பெயர் ஹிரோகாசு கொரே-எடா. ரத்த உறவில்லாதவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் 'கடைத்திருட்டுக் குடும்பம்' 2018-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. அவரை ஓசுவோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் தாம் நருசேவுக்கே நெருக்கமானவர் என்று அவரே கூறியிருக்கிறார். அது சரி என்பதற்கு 'நடந்தாலும் நடந்தாலும்' (2008) போதும். நீரில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அடுப்பில் சோளப் பலகாரம் வெடித்துப் பொரிகிறது. பிழைத்த அந்தச் சிறுவன், இப்போது வளர்ந்த இளைஞன், ஒவ்வோர் ஆண்டும் அழைக்கப்பட்டு, வியர்த்து, மன்னிப்புக் கேட்டுப் போகிறான். இனி அவனைக் கூப்பிட வேண்டாமே என்கிறான் இளைய மகன். அவன் வேதனைப்படுவதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று தாய் சொல்கிறாள். அவள் கை பின்னல் வேலையை நிறுத்தவில்லை.