அன்னா ஓ. என்ற பெயருக்குப் பின்னால்

‘மனசு விட்டுப் பேசிடு, பாரம் குறையும்’ என்று யாராவது ஒருவர் நம்மிடம் சொல்லியிருப்பார்கள். பேசுவதையே ஒரு சிகிச்சையாக்கியது யார் என்று கேட்டால் சிக்மண்ட் ஃபிராய்ட் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் வைத்தவர் அவரில்லை. வைத்தது வியன்னாவைச் சேர்ந்த ஓர் இளம் யூதப் பெண். அவர் மருத்துவர்கூட இல்லை, நோயாளி.

பெர்தா பப்பன்ஹைம் 1859இல் வசதியான, ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவர். தம்பி பல்கலைக்கழகம் போனான். பெர்தாவுக்குப் படிப்பு பள்ளியோடு சரி. அதன்பின் தையல் வேலை, கல்யாணத்துக்கான காத்திருப்பு. 1880 கோடையில் அப்பா படுக்கையில் விழ, இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர் பெர்தாதான். சில மாதங்களில் அவருக்கே விடாத இருமல், கை மரத்துப்போதல், பார்வைக் கோளாறு எல்லாம் வந்தன. பிறகு மொழியும் குழம்பியது. இலக்கணம் சிதைந்தது. ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் வரவில்லை, ஆங்கிலம் மட்டுமே வந்தது. 1881 ஏப்ரலில் அப்பா இறந்தார்.

ஹிஸ்டீரியா என்றாலே ‘நடிப்பு’ என்று ஒதுக்கிய மருத்துவர்கள் பலர் இருந்த காலம் அது. ஜோசஃப் பிராயர் என்ற மருத்துவர் அப்படிச் செய்யவில்லை. மாலைகளில் வந்து உட்கார்ந்து, பெர்தா சொல்வதைக் கேட்டார். கடும் வெயிலில் சில வாரங்கள் பெர்தாவால் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. பழங்களால்தான் தாகம் தீர்த்தார். தன் ஆங்கிலேயத் துணைப்பெண்ணின் நாய் டம்ளரில் நீர் குடித்ததையும், மரியாதை கருதி அருவருப்பை விழுங்கிக்கொண்டதையும் ஒருநாள் கொட்டித் தீர்த்தார். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னாலிருந்த நினைவைத் தேடிப் பேசும் முறை இப்படித்தான் உருவானது. பெர்தா அதை ஆங்கிலத்தில் ‘பேச்சு வைத்தியம்’ என்றார். விளையாட்டாக, ‘புகைபோக்கி கூட்டுதல்’ என்றும் சொன்னார்.

1895இல் பிராயரும் ஃபிராய்டும் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ நூலில் பெர்தா ‘அன்னா ஓ.’ ஆனார். அடக்கிய நினைவு அழிவதில்லை, உடம்பு வழியாக வெளிவரும் என்ற கருத்துக்கு அவர் கதைதான் முதல் சான்று. ஃபிராய்ட் அவருக்குச் சிகிச்சை அளித்ததே இல்லை. பிராயர் சொல்லக் கேட்டதுதான். இருந்தும் 1909இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளை இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கினார்.

சிகிச்சை 1882 ஜூனில் முடிந்தது என்கிறது நூல். சமநிலைக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது, பிறகு பூரண நலம் என்று கதையை முடித்துவிடுகிறது. அந்தக் ‘கொஞ்ச காலத்தில்’ என்ன நடந்தது? ஹென்றி எல்லென்பெர்கர் 1972இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. அடுத்த மாதமே பெர்தா சுவிட்சர்லாந்தின் பெல்வ்யூ மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். கடுமையான முகவலி. மருந்தாகக் கொடுத்த மார்ஃபினுக்கும் அடிமையாகியிருந்தார். 1887 வரை காப்பகங்களுக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார்.

அப்போ பேச்சு வைத்தியம் பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் குடிக்க வைத்தது அதுதான். ஆனால் படிப்பும் வேலையும் மறுக்கப்பட்ட ஒரு வாழ்க்கையை மாலைநேரப் பேச்சு எவ்வளவு தூரம் மாற்றும்?

1888இல் பெர்தா அம்மாவோடு ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஆண் புனைபெயரில் கதைகள் எழுதினார். நோயில் தன்னிடம் எஞ்சியிருந்த அதே ஆங்கிலத்திலிருந்து, மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ‘அன்னா ஓ.’ அச்சில் வந்த 1895இல் அவர் யூதச் சிறுமிகளின் அநாதை இல்லம் ஒன்றின் பொறுப்பாளர். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் நொய்-இசன்புர்க்கில், மணமாகாத தாய்மார்களுக்கும் கடத்தலுக்கு ஆளாகக்கூடிய பெண்களுக்கும் ஓர் இல்லம் திறந்தார்.

நோய்க்காலம் பற்றி அவர் பொதுவில் எதுவும் எழுதவில்லை. 1936இல் இறந்தார். 1938 நவம்பரில் நாஜிகள் அந்த இல்லத்தைத் தாக்கித் தீ வைத்தார்கள். 1942இல் அது மூடப்பட்டு, எஞ்சியிருந்தவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். 1953இல் ஃபிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ், அன்னா ஓ. இவர்தான் என்று ஊரறியச் சொன்னார். மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி பெர்தாவின் முகத்தோடு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது, மனிதகுலத்துக்கு உதவியவர்கள் வரிசையில்.

உளவியல் பாடநூல்களில் இன்றும் அவர் பெரும்பாலும் நோயாளிதான். அவர் கதையைப் பிராயர் சொன்னார், ஃபிராய்ட் சொன்னார், ஜோன்ஸ் சொன்னார். பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தவரின் சொந்தச் சொல் மட்டும் அதில் இல்லை. அடுத்த முறை ஒரு ‘கேஸ்’ கதையைப் படிக்கும்போது, அதை எழுதியது யார் என்றும் கொஞ்சம் பார்ப்போம்.