மறைத்த வித்தையும் குழைத்த வண்ணமும்



எங்கள் குறிஞ்சிப்பாடியின் பக்கத்திலே பெருமாள் ஏரிக்கரையிலோ, வடலூருக்கு அப்பால் விரியும் செம்மண் மேட்டிலோ மாலையில் நின்று பாருங்கள். ஒரு நாழிகைக்குள் வானும் நிலமும் நிறம் மாறிவிடும். அந்த மாற்றத்தை ஒரே அமர்வில் எண்ணெய் வண்ணத்தால் பிடிக்க முயல்வதே விரைவு ஓவியம். அதற்கு வேண்டிய முதல் திறமை வண்ணம் குழைத்தல். அத்திறமை நம் நாட்டில் வளர்ந்த வரலாறு அறியத்தக்கது.

எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப்போல் ஆவியாகி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. அதற்குப் பல நாட்கள் ஆகும். ஆகவே விரைந்து தீட்டுபவன் ஈரத்தின்மேல் ஈரம் வைக்கிறான். கவனம் தவறினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சேற்று நிறமே எஞ்சும்.

இதைத் தவிர்க்க ஓவியர்கள் மூன்று வழிகளைக் கையாண்டனர். முதலாவது, வானுக்கு, நிலத்துக்கு, நிழலுக்கு என முக்கிய நிறங்களைத் தொடங்குமுன்பே தட்டில் குழைத்து வைத்துக்கொள்ளுதல். இரண்டாவது, வெள்ளை, மஞ்சட்காவி, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என நான்கே வண்ணங்களைக்கொண்டு வேண்டும்போது குழைத்தல். இதில் பளிச்சிடும் பச்சை கிடைப்பது அரிது, ஆயினும் நிறங்கள் தமக்குள் இணங்கி நிற்கும். மூன்றாவது, தட்டில் பாதி குழைத்து, மீதிக் கலப்பைக் கித்தான்மேல் தூரிகையாலேயே முடித்தல். இதில் நிறம் உயிரோடு இருக்கும், ஆனால் வைத்த இடத்தையே மீண்டும் மீண்டும் தடவலாகாது.

இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் என்பவர் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் மேகங்களை இவ்வாறு விரைந்து தீட்டினார். அக்காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பர். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கக்கூடிய தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதன்பின் வெளியிடங்களுக்கு வண்ணங்களைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. இங்கே வண்ணம் கிடைத்தாலும் அதைக் கையாளும் வகை எளிதில் கிடைக்கவில்லை. 1848-இல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 1862-இல் சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணம் அறிந்திருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்தார் என்றும், அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாக வந்து சில நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடோர் ஜென்சனும் கற்பிக்க விரும்பவில்லை. தாம் தீட்டும்போது பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இசைந்தார். ரவிவர்மா பார்த்தே கற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர், நிலக்காட்சி தீட்டுவதில் வல்லவரான தம்பி இராஜராஜ வர்மாவும் அவரும் சேர்ந்தே உழைத்தனர்.

சென்னையில் 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி மற்றொரு வழியைக் காட்டியது. 1929 முதல் 1957 வரை அதன் தலைமையில் இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி; அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவரே. அங்கே பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றார். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வித்தை வெளிப்படையாகச் சென்றது.

மாணவர்களே, ஒளித்து வைத்த வித்தை ஒளித்தவரோடு மறைந்துபோகும் அபாயம் உண்டு. ஆறுமுகம் பிள்ளை தீட்டிய படங்களை நாம் அறியோம். எனினும், தாம் அறிந்ததை ஓர் இளைஞனுக்குச் சொன்னார் என்பதால் அவர் பெயர் நிற்கிறது. நீங்கள் ஒரு நிறத்தைச் சரியாகக் குழைக்கக் கற்றால், அருகில் அமர்ந்திருப்பவருக்கும் அதைக் காட்டுங்கள்.